மின் நிறுவன ஊழியர் எப்போது வீட்டுக்குள் நுழையலாம்? சட்டம் தரும் அதிகாரமும் அதன் எல்லையும்

புதுதில்லி: மீட்டர் அளவைக் குறித்துக்கொள்ள வருபவர், பழைய மீட்டரைக் கழற்றிவிட்டு ஸ்மார்ட் மீட்டர் பொருத்த வருபவர், மின்திருட்டு நடைபெறுவதாகக் கிடைத்த தகவலின்பேரில் சோதனைக்கு வருபவர் ஆகிய மூவரும் ஒரே மின்பகிர்மான நிறுவனத்தின் பெயரைச் சொல்லியே வீட்டுக் கதவைத் தட்டுகின்றனர். ஆனால், அவர்களுக்குச் சட்டம் வழங்கியுள்ள அதிகாரம் ஒன்றல்ல. முதல் இருவரை வாசலிலேயே நிறுத்த வீட்டில் இருப்பவருக்கு வழியுண்டு; அதற்கு மின்இணைப்பை இழக்க நேரிடலாம். மூன்றாமவருக்கோ கதவை உடைத்துக்கொண்டே உள்ளே வரும் அதிகாரம் உண்டு.

2021-ஆம் ஆண்டு ஒப்புதல் பெற்ற மத்திய அரசின் மின்பகிர்மானச் சீரமைப்புத் திட்டத்தின் கீழ், நாடு முழுவதும் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்த இலக்கு நிர்ணயிக்கப்பட்டது. இதனால் பல மாநிலங்களில் மின் நிறுவன ஊழியர்களும், அந்நிறுவனங்களின் ஒப்பந்ததாரர்களும் வீடு வீடாகச் செல்கின்றனர். குஜராத்தின் வதோதராவில் 2024-ஆம் ஆண்டு மே மாதம் நடைபெற்றதைப் போன்ற எதிர்ப்புப் போராட்டங்களும் நிகழ்ந்துள்ளன. வாசலில் நடக்கும் வாக்குவாதங்களில் இரு தரப்பும் சட்டத்தை மேற்கோள் காட்டுவதுண்டு. ஆனால், எந்தப் பிரிவின் கீழ் ஊழியர் வந்துள்ளார் என்ற கேள்வி பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. மற்ற அனைத்தும் அந்த ஒரு கேள்வியைப் பொறுத்தே அமைகின்றன.

வழக்கமான வருகை: பிரிவு 163

2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 163-ஆவது பிரிவு, மின்விநியோக உரிமம் பெற்ற நிறுவனமோ, அந்நிறுவனத்தால் முறையாக அதிகாரமளிக்கப்பட்ட நபரோ தனியார் வளாகத்துக்குள் நுழைவதை அனுமதிக்கிறது. அதற்கு இரண்டு நிபந்தனைகள் உள்ளன. நுழையும் நேரம் நியாயமானதாக இருக்க வேண்டும். நுழையும் நோக்கத்தை அங்குக் குடியிருப்பவரிடம் தெரிவித்திருக்க வேண்டும். மின்சாரம் வழங்கப்படும் வீடு, முன்பு வழங்கப்பட்ட வீடு, மின்கம்பிகள் கடந்து செல்லும் நிலம் ஆகிய அனைத்துக்கும் இது பொருந்தும்.

எதற்காக நுழையலாம் என்பதையும் சட்டம் வரையறுத்துள்ளது. நிறுவனத்துக்குச் சொந்தமான கம்பிகள், மீட்டர்கள், கருவிகள் ஆகியவற்றை ஆய்வு செய்யவும், சோதிக்கவும், பழுதுபார்க்கவும், மாற்றியமைக்கவும் நுழையலாம். பயன்படுத்தப்பட்ட மின்சாரத்தின் அளவைக் கணக்கிட நுழையலாம். இணைப்பு தேவையில்லை என்றாலோ, துண்டிக்கும் அதிகாரம் நிறுவனத்துக்கு ஏற்பட்டிருந்தாலோ தனது பொருள்களை எடுத்துச் செல்ல நுழையலாம். இவற்றைத் தவிர்த்த வேறு நோக்கங்கள் இந்த உட்பிரிவில் இடம்பெறவில்லை.

'நிறுவனத்துக்குச் சொந்தமான' என்ற சொற்கள் இங்கு முக்கியமானவை. மீட்டரும், அதுவரை வந்து சேரும் கம்பியும் பொதுவாக நிறுவனத்தின் உடைமைகள். மீட்டரைத் தாண்டி வீட்டின் சுவர்களுக்குள் செல்லும் வயர்கள், சுவிட்சுகள், குளிரூட்டும் சாதனம் ஆகியவை நுகர்வோருக்குச் சொந்தமானவை. எனவே, மீட்டர் அளவைக் குறிக்க வந்தவர் படுக்கையறையில் எத்தனை மின்சாதனங்கள் உள்ளன என்று எட்டிப் பார்க்க இந்த உட்பிரிவு இடமளிக்கவில்லை. நுகர்வோருக்குச் சொந்தமான வயரிங்கைச் சோதிப்பது குறித்து இதே பிரிவின் இரண்டாவது உட்பிரிவு தனியாகப் பேசுகிறது. அத்தகைய சோதனைக்கு நிர்வாக நடுவரின் சிறப்பு உத்தரவும், குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பாக எழுத்துப்பூர்வ நோட்டீஸும் தேவை.

இந்த ஏற்பாடு புதிதல்ல. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இயற்றப்பட்ட 1910-ஆம் ஆண்டு இந்திய மின்சாரச் சட்டத்தின் 20-ஆவது பிரிவிலும் ஏறக்குறைய இதே வாசகங்கள் இருந்தன. மின்விளக்கு ஒரு சில மாளிகைகளில் மட்டும் எரிந்த காலத்தில் எழுதப்பட்ட விதி, ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் மீட்டர் சுழலும் காலத்துக்கும் பெரிய மாற்றமின்றித் தொடர்கிறது. 'நியாயமான நேரம்' எது என்பதை அன்றைய சட்டமும் விளக்கவில்லை. இன்றைய சட்டமும் விளக்கவில்லை. நோக்கத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று கூறும் முதல் உட்பிரிவு, அதை எத்தனை மணி நேரத்துக்கு முன்பு, எந்த வடிவில் தெரிவிக்க வேண்டும் என்றும் குறிப்பிடவில்லை. வாசலில் நின்று வாய்மொழியாகச் சொல்வதே போதுமானதாகக் கருதப்படக்கூடும் என்பது இந்த விதியின் பலவீனம்.

கதவைத் திறக்க மறுத்தால்?

நுகர்வோர் அனுமதி மறுத்தாலோ, உள்ளே வந்தவரின் பணியைத் தடுத்தாலோ, போதிய வசதி செய்து தராவிட்டாலோ நிறுவனம் என்ன செய்யலாம் என்பதை மூன்றாவது உட்பிரிவு கூறுகிறது. எழுத்துப்பூர்வமாக நோட்டீஸ் அளித்து, 24 மணி நேரம் கடந்த பின்னர் மின்இணைப்பைத் துண்டிக்கலாம். மறுப்பு நீடிக்கும் காலம் வரை மட்டுமே துண்டிப்பும் நீடிக்கலாம். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கூடாது என்று சட்டம் வெளிப்படையாகவே கட்டுப்படுத்துகிறது.

கதவை உடைக்கவோ, சுவர் ஏறிக் குதிக்கவோ இந்தப் பிரிவில் அனுமதி இல்லை. நிர்வாக நடுவரின் சிறப்பு உத்தரவுடன் வந்தால்கூட, மறுப்புக்கு இந்தப் பிரிவு கூறும் விளைவு மின்துண்டிப்பு மட்டுமே. அதாவது, வழக்கமான வருகையைப் பொறுத்தவரை நிறுவனத்தின் கையில் இருப்பது அழுத்தம் தரும் கருவிதானே தவிர, பலவந்தமாக நுழையும் உரிமை அல்ல.

ஆனால், அந்த அழுத்தத்தின் சுமை எல்லோர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. நுழைவதற்கு முன் தகவல் பெற வேண்டியவர் 'குடியிருப்பவர்' என்று முதல் உட்பிரிவு கூறுகிறது. மறுப்பதால் மின்சாரத்தை இழப்பவர் 'நுகர்வோர்' என்று மூன்றாவது உட்பிரிவு கூறுகிறது. சொந்த வீட்டில் வசிப்பவருக்கு இரண்டும் ஒன்றே. வாடகை வீட்டில் நிலைமை வேறு. மீட்டர் அறையின் சாவி வீட்டு உரிமையாளரிடமோ, அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்திடமோ இருக்கும். அவர்கள் திறக்க மறுத்தால் இருளில் அமர்ந்திருப்பவர் வாடகைதாரர். அதேபோல, உரிமையாளரிடம் ஒப்புதல் பெற்றுவிட்டோம் என்று கூறி வாடகைதாரருக்குத் தெரிவிக்காமல் நுழைவதும் சட்டத்தின் வாசகத்துக்கு முரணானது. தகவல் சென்றுசேர வேண்டியவர் அந்த வீட்டில் வசிப்பவரே.

வீடு பூட்டியிருப்பதாலேயே மீட்டரைப் பார்க்க முடியாத நிலை ஏற்படுவதும் உண்டு. இதற்கு, 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 31 அன்று அறிவிக்கப்பட்ட மின்நுகர்வோர் உரிமைகள் விதிகள் ஒரு மாற்றுவழியைத் தருகின்றன. தொடர்ந்து இருமுறை மீட்டரை அணுக முடியாமல் போனால், மீட்டர் அளவு தெரியும் புகைப்படத்தைப் பதிவு செய்யப்பட்ட கைப்பேசி எண்ணிலிருந்தோ, மின்னஞ்சல் வழியாகவோ நுகர்வோர் அனுப்பி வைக்கலாம். தனியாக வசிக்கும் முதியோருக்கும், பகல் முழுவதும் பணிக்குச் செல்வோருக்கும் பயன்படக்கூடிய இந்த விதி, உரிய அளவில் அறியப்படவில்லை.

ஸ்மார்ட் மீட்டர் பொருத்துவது

ஸ்மார்ட் மீட்டர் பொருத்த வரும் ஊழியருக்குத் தனி அதிகாரம் ஏதும் 163-ஆவது பிரிவில் வழங்கப்படவில்லை. நிறுவனத்துக்குச் சொந்தமான மீட்டரை 'மாற்றியமைக்கும்' நோக்கம் என்ற வகையிலேயே அவரது வருகையும் அடங்கும். ஆகவே, நியாயமான நேரம், முன்தகவல், மறுத்தால் 24 மணி நேர நோட்டீஸ் ஆகியவை அவருக்கும் பொருந்தும். வீட்டில் எவரும் இல்லாதபோது வாயிற்கதவைத் தாண்டி உள்ளே சென்று மீட்டரை மாற்றிவிட்டுச் செல்வது, 'குடியிருப்பவரிடம் நோக்கத்தைத் தெரிவித்து' என்ற நிபந்தனையை நிறைவேற்றியதாகாது.

மறுபுறம், புதிய மீட்டர் வேண்டாம் என்று மறுக்கும் நுகர்வோரின் நிலையும் வலுவானதல்ல. சரியான மீட்டர் வழியாக மட்டுமே மின்சாரம் வழங்கப்பட வேண்டும் என்று சட்டத்தின் 55-ஆவது பிரிவு கூறுகிறது. மீட்டரின் தரத்தையும் வகையையும் நிர்ணயிக்கும் அதிகாரம் மத்திய மின்சார ஆணையத்திடம் உள்ளது. நுகர்வோர் தாமே மீட்டரை விலைக்கு வாங்கிக்கொள்ளவும் இதே பிரிவு வாய்ப்பளிக்கிறது. அவ்வாறு வாங்கிய மீட்டர் நிறுவனத்தின் உடைமை அல்ல என்பதால், அதைக் கழற்ற 163-ஆவது பிரிவு போதுமானதா என்ற கேள்வி எழுகிறது. எனினும், இத்தகைய மீட்டர் உள்ள வீடுகள் விதிவிலக்கே.

புதிய மீட்டர் அதிகமாக ஓடுகிறது என்ற ஐயம் எழுந்தால் மீட்டரை மாற்றவிடாமல் தடுப்பதைவிட வேறொரு வழி உள்ளது. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமைகள் விதிகளின்படி, புகார் பெறப்பட்ட ஐந்து நாள்களுக்குள் நிறுவனம் கூடுதலாக ஒரு மீட்டரைப் பொருத்தி, குறைந்தது மூன்று மாதங்களுக்கு இரண்டின் அளவுகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஸ்மார்ட் மீட்டர் அளவைத் தொலைவிலிருந்தே படிக்க முடியும். இணைப்பையும் தொலைவிலிருந்தே துண்டிக்க முடியும். வீட்டுக்குள் ஊழியர் நுழையும் தேவை குறைவது ஒருவகையில் அந்தரங்கத்துக்குப் பாதுகாப்பு. அதே வேளையில், கதவைத் திறப்பதா மறுப்பதா என்று முடிவு செய்யும் அந்தச் சில நிமிடங்கள்கூட இனி நுகர்வோருக்கு இருக்காது.

மின்திருட்டுச் சோதனை: பிரிவு 135

மின்திருட்டைக் குற்றமாக வரையறுக்கும் 135-ஆவது பிரிவு முற்றிலும் வேறு தன்மை கொண்டது. அங்கீகாரமின்றி மின்சாரம் பயன்படுத்தப்படுகிறது அல்லது பயன்படுத்தப்பட்டுள்ளது என்று நம்புவதற்குக் காரணம் இருந்தால், அந்த இடத்துக்குள் நுழையவும், ஆய்வு செய்யவும், உடைத்துத் திறக்கவும், சோதனையிடவும், கருவிகளையும் ஆவணங்களையும் பறிமுதல் செய்யவும் இப்பிரிவு அதிகாரம் அளிக்கிறது. இதற்கு நீதிமன்றத்தின் முன்அனுமதி தேவையில்லை. 24 மணி நேர நோட்டீஸும் தேவையில்லை.

இந்த அதிகாரம் எல்லா ஊழியர்களுக்கும் உரியதல்ல. மாநில அரசால் இதற்கென அதிகாரமளிக்கப்பட்ட, உரிமதாரர் நிறுவனத்தின் அதிகாரி மட்டுமே இதைப் பயன்படுத்தலாம். அரசு மின்வாரியங்கள் மட்டுமே இருந்த காலத்தில் இது ஓர் அரசு அதிகாரியின் அதிகாரமாகவே தோன்றியிருக்கும். தில்லியில் 2002-ஆம் ஆண்டு முதல் தனியார் பங்கேற்புடன் கூடிய நிறுவனங்களே பெரும்பாலான பகுதிகளில் மின்விநியோகம் செய்கின்றன. மும்பையின் பெரும்பகுதியிலும், ஒடிசா முழுவதிலும் விநியோகம் தனியார் குழுமங்களின் நிர்வாகத்தில் உள்ளது. அங்கெல்லாம், குடிமகனின் வீட்டுப் பூட்டை உடைக்கும் சட்ட அதிகாரம் ஒரு நிறுவனத்தின் ஊதியம் பெறும் அதிகாரியிடம் இருக்கிறது. அரசின் அங்கீகாரம் பெற்றவர் என்றாலும், திருட்டைக் கண்டுபிடிப்பதால் வருவாய் பெறும் தரப்பும் அவரது நிறுவனமே. இந்த முரண்பாடு நாடாளுமன்றத்திலும் ஊடகங்களிலும் பெறவேண்டிய கவனத்தைப் பெறவில்லை என்றே சொல்ல வேண்டும்.

அதனாலேயே, சோதனை நடைபெறும் முறைக்குச் சட்டம் விதித்துள்ள கட்டுப்பாடுகள் முக்கியத்துவம் பெறுகின்றன. சோதனையின்போது வீட்டில் குடியிருப்பவரோ, அவர் சார்பில் ஒருவரோ உடனிருக்க வேண்டும். பறிமுதல் செய்யப்படும் பொருள்களின் பட்டியல் தயாரிக்கப்பட்டு, அவரிடம் கையொப்பம் பெறப்பட்டு, அவரிடமே வழங்கப்பட வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் சோதனை மற்றும் பறிமுதல் தொடர்பான விதிகளும் இயன்ற அளவு பொருந்தும் என்று நான்காவது உட்பிரிவு கூறுகிறது.

2024-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அதன் 103-ஆவது பிரிவின்படி, அப்பகுதியைச் சேர்ந்த, சுயேச்சையான, மதிப்புக்குரிய இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சோதனைக்குச் சாட்சிகளாக அழைக்கப்பட வேண்டும். பெண் ஒருவரின் உடலைச் சோதிக்க வேண்டிய நிலை ஏற்பட்டால் அதை மற்றொரு பெண்ணே செய்ய வேண்டும். சோதனையையும் பறிமுதலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்ற புதிய கடமையை 105-ஆவது பிரிவு விதித்துள்ளது; அதற்குக் கைப்பேசியே போதும். மின்திருட்டுச் சோதனைகளிலும் இந்தப் பதிவு முறையாகப் பின்பற்றப்பட்டால், 'மீட்டரில் கைவைத்தது யார்' என்ற காலங்காலமான தகராறுகளில் பாதியாவது ஆதாரத்தின் அடிப்படையில் தீரும்.

இரவுச் சோதனையும் 'ஆண் உறுப்பினரும்'

135-ஆவது பிரிவின் மூன்றாவது உட்பிரிவில் உள்ள ஒரு வரம்பு தனிக் கவனத்துக்குரியது. சூரிய அஸ்தமனத்துக்கும் உதயத்துக்கும் இடைப்பட்ட நேரத்தில், குடியிருப்பு வளாகங்களில் ஆய்வோ, சோதனையோ, பறிமுதலோ செய்யக் கூடாது. அந்த வளாகத்தில் வசிக்கும் வயதுவந்த ஆண் உறுப்பினர் ஒருவர் முன்னிலையில் மட்டுமே செய்யலாம் என்பதே அந்த வரம்பு.

பெண்கள் மட்டும் வசிக்கும் வீட்டில் இரவுச் சோதனை அறவே நடத்த முடியாது என்பது இதன் நேரடிப் பொருள். பாதுகாப்பு என்ற கோணத்தில் இது பயனுள்ளதே. இரவு பத்து மணிக்கு ஒரு குழுவாக வந்து கதவைத் தட்டுபவர்களிடம் இந்த வரம்பைச் சுட்டிக்காட்டி, காலையில் வரச் சொல்ல அவ்வீட்டுப் பெண்களுக்குச் சட்டப்படியான உரிமை உண்டு. ஆனால், சட்ட வாசகம் மறுபக்கமும் வெட்டுகிறது. வீட்டில் ஆண் ஒருவர் இருந்துவிட்டால், மின்இணைப்பு மனைவியின் பெயரிலோ தாயின் பெயரிலோ இருந்தாலும், அவர்களின் விருப்பமின்மைக்கு அந்த வரியில் இடமில்லை. இணைப்பின் உரிமையாளரான பெண்ணின் முன்னிலை போதாது, அதே வீட்டில் வசிக்கும் வயதுவந்த ஆணின் முன்னிலை போதும் என்று கருதிய சட்டம் 2003-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது என்பது வியப்பளிக்கிறது.

திருட்டு கண்டறியப்பட்டால் மின்இணைப்பை உடனடியாகத் துண்டிக்கலாம். அவ்வாறு துண்டித்த 24 மணி நேரத்துக்குள் காவல்நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளிக்கப்பட வேண்டும். மதிப்பிடப்பட்ட தொகையை நுகர்வோர் செலுத்தினால் 48 மணி நேரத்துக்குள் இணைப்பை மீண்டும் வழங்க வேண்டும். குற்றம் நிரூபிக்கப்பட்டால் மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

திருட்டு அல்ல, ஆனால் விதிமீறல்

வீட்டு இணைப்பில் கடை நடத்துவது, அனுமதிக்கப்பட்ட அளவைவிடக் கூடுதல் மின்பளுவைப் பயன்படுத்துவது போன்றவை 126-ஆவது பிரிவின் கீழ் வருகின்றன. இது குற்ற வழக்கல்ல. கூடுதல் தொகை வசூலிப்பதற்கான மதிப்பீடு. ஒடிசாவைச் சேர்ந்த அரிசி ஆலை ஒன்று தொடர்பான வழக்கில் 2011-ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இவ்விரு பிரிவுகளும் வெவ்வேறு களங்களில் இயங்குபவை என்று தெளிவுபடுத்தியது. 126-ஆவது பிரிவுக்குத் திருடும் நோக்கம் நிரூபிக்கப்பட வேண்டியதில்லை. 135-ஆவது பிரிவில் நேர்மையற்ற நோக்கமே குற்றத்தின் அடிப்படை.

நுழைவு உரிமையைப் பொறுத்தவரை இந்த வேறுபாட்டுக்கு நடைமுறைப் பொருள் உண்டு. 126-ஆவது பிரிவு ஆய்வைப் பற்றிப் பேசுகிறதே தவிர, உடைத்துத் திறக்கும் அதிகாரத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. திருட்டு ஐயம் ஏதுமின்றி, மின்பளுவைக் கணக்கிட வந்த குழு, பூட்டை உடைத்து நுழைய இப்பிரிவை மேற்கோள் காட்ட முடியாது. தில்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2017-ஆம் ஆண்டு விநியோக விதித்தொகுப்பு போன்றவை, ஆய்வுக்கு வருபவர் புகைப்பட அடையாள அட்டையுடன் வர வேண்டும் என்றும், ஆய்வறிக்கையின் நகலை நுகர்வோரிடம் அளிக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. மாநிலத்துக்கு மாநிலம் இவ்விதிகள் மாறுபடும்.

மரமும் மின்கம்பியும்

வீட்டுத் தோட்டத்து மரக்கிளைகள் மின்கம்பியில் உரசுவது அடிக்கடி எழும் சிக்கல்களில் ஒன்று. மின்விநியோகத்துக்கு இடையூறாக உள்ள மரத்தை அகற்றுவதற்கு, நிறுவனத்தின் விண்ணப்பத்தின்பேரில் நிர்வாக நடுவரோ, அரசு குறிப்பிடும் அதிகாரியோ உத்தரவிடலாம் என்று 68-ஆவது பிரிவு கூறுகிறது. மின்பாதை அமைக்கப்படுவதற்கு முன்பே அந்த மரம் அங்கு இருந்திருந்தால் உரியவருக்கு இழப்பீடு வழங்கப்பட வேண்டும். கம்பி வந்தபிறகு நட்ட மரத்துக்கு அந்த உறுதி இல்லை. தென்னையோ மாவோ எப்போது நடப்பட்டது என்பதை நிரூபிப்பது எளிதல்ல என்பது வேறு விஷயம்.

வீட்டின் மேலாகவோ நிலத்தின் குறுக்காகவோ புதிய மின்பாதை அமைக்க, 2006-ஆம் ஆண்டு உரிமதாரர் பணிகள் விதிகளின்படி உரிமையாளர் அல்லது குடியிருப்பவரின் முன்ஒப்புதல் தேவை. ஆட்சேபம் எழுந்தால் மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர் அல்லது அரசு அதிகாரமளித்த அலுவலரிடம் நிறுவனம் எழுத்துப்பூர்வ அனுமதி பெற வேண்டும். இழப்பீட்டையோ ஆண்டு வாடகையையோ அவரே நிர்ணயிப்பார். உயர்அழுத்த மின்தொடரமைப்புகளுக்கு இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை. 164-ஆவது பிரிவின் கீழ், 1885-ஆம் ஆண்டு தந்திச் சட்டத்தின் அதிகாரங்களைப் பெற்ற நிறுவனம் நில உரிமையாளரின் ஒப்புதலைப் பெற வேண்டியதில்லை என்று பவர்கிரிட் நிறுவனம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தது. புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தால் தந்திச் சட்டம் நீக்கப்பட்டாலும், மின்தொடரமைப்புகளுக்காக மட்டும் அதன் உரிய பகுதி தொடர்ந்து உயிருடன் வைக்கப்பட்டுள்ளது.

எரிவாயு, குடிநீர், தொலைத்தொடர்பு

எரிவாயுக் குழாய்களைப் பொறுத்தவரை 1962-ஆம் ஆண்டு பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்கள் சட்டம் குடியிருப்புகளுக்குத் தெளிவான பாதுகாப்பு அளிக்கிறது. நிலத்தின் பயன்பாட்டு உரிமையைக் கையகப்படுத்தும் அறிவிக்கை வெளியாவதற்கு முன்பே குடியிருப்பாகப் பயன்பட்ட நிலத்திலும், நிரந்தரக் கட்டடம் உள்ள நிலத்திலும், வீட்டை ஒட்டிய நிலத்திலும் குழாய் பதிக்கக் கூடாது. மற்ற நிலங்களிலும் ஒரு மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் பதிக்கக் கூடாது. ஆட்சேபம் தெரிவிக்க 21 நாள்கள் அவகாசம் உண்டு. ஏற்கெனவே பதிக்கப்பட்ட குழாயைப் பராமரிக்க நுழைவதற்கு நியாயமான முன்னறிவிப்பு அவசியம். அவசரநிலை எனில் முன்னறிவிப்பு தேவையில்லை. இந்தச் சட்டம் நெடுந்தொலைவுக் குழாய்ப் பாதைகளுக்கானது. சமையலறைக்கு வரும் குழாய் எரிவாயு இணைப்பில் ஊழியரின் வருகை, பெரும்பாலும் இணைப்பு பெறும்போது நுகர்வோர் கையொப்பமிடும் ஒப்பந்தத்தின் அடிப்படையில் அமைகிறது. அந்த ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக் கையொப்பமிடுவோர் மிகச் சிலரே.

சமையல் எரிவாயு சிலிண்டர்களுக்கு நிலைமை வேறு. வீட்டு உபயோக சிலிண்டரை வேறு பயன்பாட்டுக்குத் திருப்பிவிடுவதைத் தடுக்க, 2000-ஆம் ஆண்டு கட்டுப்பாட்டு ஆணை, அரசு எண்ணெய் நிறுவனங்களின் விற்பனை அதிகாரி நிலைக்குக் குறையாத அலுவலர்களுக்கும் சோதனையிடும் அதிகாரத்தை வழங்கியுள்ளது. சிலிண்டர் கொண்டு வரும் விநியோகப் பணியாளருக்கு அந்த அதிகாரம் இல்லை.

குடிநீர் விநியோகம் மாநில, மாநகராட்சிச் சட்டங்களுக்கு உட்பட்டது. 1888-ஆம் ஆண்டின் மும்பை மாநகராட்சிச் சட்டம், சூரிய அஸ்தமனத்துக்கும் உதயத்துக்கும் இடையே ஆய்வுக்காக நுழைவதைத் தடைசெய்கிறது. குடியிருப்பவரின் ஒப்புதல் இல்லையெனில் 24 மணி நேர எழுத்துப்பூர்வ நோட்டீஸைக் கட்டாயமாக்குகிறது. குடும்பத்தினரின் சமூக, சமயப் பழக்கங்களுக்கு உரிய மதிப்பளிக்கவும் கூறுகிறது. மீட்டர் ஆய்வுக்கான 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் வாசகத்தைவிட, ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பழமையான இச்சட்டம் வீட்டில் இருப்பவர் மீது கூடுதல் அக்கறை காட்டுகிறது.

2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டமோ பேச்சுவார்த்தையிலிருந்து தொடங்குகிறது. தனியார் சொத்தில் கோபுரமோ கம்பிவடமோ அமைக்க விரும்பும் நிறுவனம் உரிமையாளரிடம் விண்ணப்பித்து, இருதரப்பும் ஒப்புக்கொள்ளும் தொகைக்கு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். உரிமையாளர் மறுத்தால், பொதுநலன் கருதி அவசியம் என மத்திய அரசு தீர்மானிக்கும் நிலையில் மட்டுமே வழியுரிமையைக் கையகப்படுத்த முடியும். மொட்டைமாடியில் கருவியைப் பொருத்துவதால் அந்தச் சொத்தில் நிறுவனத்துக்கு உரிமை எதுவும் உண்டாகாது.

அந்தரங்க உரிமையும் நீதிமன்றங்களும்

இரவு நேரங்களில் காவல்துறையினர் வீடு தேடிச் சென்று கண்காணிப்பதற்கு இடமளித்த உத்தரப் பிரதேச விதியை, கரக் சிங் வழக்கில் 1962-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தனியார் இடங்களில் உள்ள ஆவணங்களை ஆய்வு செய்யும் அதிகாரத்தை ஆட்சியர் எவருக்கு வேண்டுமானாலும் அளிக்க அனுமதித்த ஆந்திரப் பிரதேசத்தின் முத்திரைச் சட்டத் திருத்தம், கனரா வங்கி தொடர்பான வழக்கில் 2004-ஆம் ஆண்டு செல்லாததாக்கப்பட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அதில் தலையிடும் எந்த நடவடிக்கைக்கும் சட்ட ஆதாரமும், நியாயமான நோக்கமும், அந்நோக்கத்துக்கு ஏற்ற அளவும் இருக்க வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் அளவுகோல். மின்சாரச் சட்டம் முதல் நிபந்தனையை நிறைவு செய்கிறது. மின்இழப்பைத் தடுப்பது நியாயமான நோக்கமே. ஒவ்வொரு சோதனையும் தேவையான அளவை மீறவில்லையா என்பதுதான் வழக்குக்கு வழக்கு விடை காண வேண்டிய கேள்வி.

வாசலில் கேட்க வேண்டியவை

நிறுவனத்தின் பெயரைச் சொல்லி மோசடிக்காரர்கள் வருவதும் உண்டு என்பதால், அடையாள அட்டையைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. முறையாக அதிகாரமளிக்கப்பட்டவருக்கு மட்டுமே சட்டம் அனுமதி தருகிறது. அந்த அதிகாரத்தைக் காட்டும்படி கேட்பது அதே சட்டத்திலிருந்து பிறக்கும் உரிமை. வந்திருப்பது மீட்டர் ஆய்வுக்கா, 126-ஆவது பிரிவின் மதிப்பீட்டுக்கா, 135-ஆவது பிரிவின் சோதனைக்கா என்று கேட்டு, பதிலைக் குறித்துக்கொள்ளலாம். ஐயம் இருப்பின் மின்சாரம் தொடர்பான 1912 என்ற எண்ணிலோ, எரிவாயுக் கசிவு தொடர்பான 1906 என்ற எண்ணிலோ தொடர்புகொண்டு உறுதி செய்யலாம். கட்டணம் செலுத்தவில்லை என்று கூறி, இன்றிரவே இணைப்பைத் துண்டிப்பதாக மிரட்டிக் கையில் பணம் கேட்பவரிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. கட்டண பாக்கிக்காகத் துண்டிக்க 15 முழு நாள்கள் கொண்ட எழுத்துப்பூர்வ நோட்டீஸை 56-ஆவது பிரிவு கட்டாயமாக்கியுள்ளது. முன்பணம் செலுத்தும் மீட்டர்களில், இருப்புத் தீர்ந்தவுடன் இணைப்பு தானாகவே துண்டிக்கப்படும் முறை உள்ளதால், அதற்கு ஊழியர் வரவேண்டிய தேவையே எழாது.

மின்திருட்டுச் சோதனைக்கு வந்த அதிகாரியை உடல்ரீதியாகத் தடுப்பது புதிய வழக்குகளுக்கே வழிவகுக்கும். சாட்சிகளும், ஒளிப்பதிவும், பறிமுதல் பட்டியலின் நகலும் வேண்டும் என்று வலியுறுத்துவதும், மறுக்கப்பட்டால் அதை எழுத்தில் பதிவு செய்வதும் பின்னர் நீதிமன்றத்தில் பயன்படும்.

முறையற்ற துண்டிப்பு, மீட்டர் கோளாறு போன்றவை குறித்த புகார்களை, 42-ஆவது பிரிவின்படி ஒவ்வொரு விநியோக நிறுவனமும் அமைத்துள்ள நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்திலும், அங்கு தீர்வு கிடைக்காவிட்டால் மின்குறைதீர்ப்பாளரிடமும் அளிக்கலாம். 126-ஆவது பிரிவின் கீழான மதிப்பீட்டை எதிர்ப்பவருக்கு வழி வேறு. அத்தகைய வழக்குகளை நுகர்வோர் நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்று உத்தரப் பிரதேச மின்கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-ஆம் ஆண்டு தீர்ப்பளித்துள்ளது. தற்காலிக மதிப்பீட்டுக்கு ஆட்சேபம் தெரிவித்து, இறுதி உத்தரவுக்குப் பின் 30 நாள்களுக்குள், மதிப்பிடப்பட்ட தொகையில் பாதியைச் செலுத்தி, மேல்முறையீட்டு அதிகாரியை அணுக வேண்டும்.